ஆறு இரவுகளுக்கு எந்தத் தலைநகர்: பிராக், வியன்னா, புடாபெஸ்ட் ஓர் ஒப்பீடு

மத்திய ஐரோப்பாவைப் பார்க்கப் புறப்படும் தம்பதியர் பலரும் பிராக், வியன்னா, புடாபெஸ்ட் ஆகிய மூன்று தலைநகரங்களையும் ஒரே பயணத்தில் முடித்துவிடவே விரும்புகிறார்கள். மூன்றும் ஒரு காலத்தில் ஹாப்ஸ்பர்க் அரசகுலத்தின் ஆட்சியில் இருந்தவை; பிராக்கிலிருந்து வியன்னாவுக்கு ரயிலில் ஏறத்தாழ நான்கு மணி நேரம், அங்கிருந்து புடாபெஸ்ட்டுக்கு இரண்டே முக்கால் மணி நேரம் என்பதால், வரைபடத்தை விரித்துப் பார்க்கும்போது அந்த விருப்பம் நியாயமாகவே தோன்றுகிறது. நானும் என் கணவரும் சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு குழுச் சுற்றுலாவில் சேர்ந்து அப்படித்தான் போய்வந்தோம். ஊருக்கு இரண்டு இரவுகள் என்று கணக்கு. பெட்டியைப் பிரிப்பதும் மறுபடி அடுக்குவதும், அறை தயாராகும்வரை விடுதி வரவேற்பறையில் காத்திருப்பதுமாகவே பாதி நேரம் கழிந்தது. வியன்னாவின் கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் புரூகல் வரைந்த பனிக்கால வேட்டைக்காரர்களின் ஓவியத்துக்கு முன்னால் நான் நின்ற நேரம் மூன்று நிமிடம்கூட இராது. பேருந்து புறப்படப் போகிறது என்று வழிகாட்டி அழைத்தார், திரும்பிவிட்டேன்.

இந்த ஆண்டு எங்கள் திருமணத்தின் இருபத்தைந்தாம் ஆண்டு. ஆறு இரவுகள் கையில் இருக்கின்றன. அவற்றை ஒரே நகரில் கழிப்பது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எந்த நகரம் என்பதில்தான் பல வாரங்கள் பேச வேண்டியிருந்தது. அந்தப் பேச்சில் நாங்கள் எடைபோட்டவற்றை, இதே தேர்வின் முன் நிற்கும் மற்றவர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

பயண நூல்களும் இணையதளங்களும் இம்மூன்று நகரங்களையும் செலவைக் கொண்டோ பார்க்க வேண்டிய இடங்களின் எண்ணிக்கையைக் கொண்டோ ஒப்பிடுகின்றன. மூன்றிலுமே ஆறு நாட்களுக்கு மேல் பார்ப்பதற்கு இடங்கள் இருப்பதால், எண்ணிக்கை எதையும் தீர்மானிக்க உதவுவதில்லை. எனக்குத் தெரிந்தவரை உண்மையான வேறுபாடு வேளையில் இருக்கிறது. பிராக் விடியற்காலையில் அழகு கொள்ளும் ஊர். வியன்னாவின் செல்வம் பகல் முழுவதும் கூரைக்கு அடியில் இருக்கிறது. புடாபெஸ்ட் பொழுது சாய்ந்த பிறகே தன் முழுத் தோற்றத்தையும் காட்டுகிறது. ஆகவே தம்பதியர் முதலில் பார்க்க வேண்டியது தங்கள் இருவருடைய அன்றாடத்தை. என் கணவர் எந்த ஊரிலும் நாலரை மணிக்கு எழுந்து நடக்கப் போய்விடுவார். எனக்கு முழங்கால் வலி. படிக்கட்டு ஆகாது, ஆனால் ஓர் ஓவியத்தின் முன் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பேன்.

பிராக்கை நடந்துதான் பார்க்க வேண்டும். பழைய நகரச் சதுக்கத்தில் தொடங்கி, சார்லஸ் பாலத்தைக் கடந்து, மேற்குக் கரையின் குன்றேறிக் கோட்டையை அடையும் ஒரே கோட்டில் நகரத்தின் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது. 1342ஆம் ஆண்டு வெள்ளம் பழைய பாலத்தை அடித்துச் சென்ற பின், பேரரசர் நான்காம் சார்லஸ் 1357இல் அடிக்கல் நாட்டிய பாலம் இது. 516 மீட்டர் நீளம், இரு மருங்கிலும் 30 சிலைகள். காலை பத்து மணிக்கு மேல் அங்கே தோளோடு தோள் இடித்துக்கொண்டுதான் நகர முடியும். சூரியன் எழும் வேளையிலோ வல்தாவா ஆற்றின் மேல் படரும் மூடுபனியும், கல்லில் ஒலிக்கும் நம் காலடியும் தவிர வேறொன்றும் இருப்பதில்லை. என் கணவர் அந்த முதல் பயணத்தில் இரண்டு காலையும் அந்தப் பாலத்துக்குப் போனார். இன்றும் பிராக் என்றால் அவருக்கு அந்தக் காலைகள்தான். கோட்டை வளாகமும் காலை 6 மணிக்கே திறந்துவிடுகிறது, உள்ளிருக்கும் கட்டடங்கள் 9 மணிக்குத்தான். ஏறத்தாழ 70,000 சதுர மீட்டர் பரப்புள்ள அந்த வளாகத்தின் நடுவே நிற்கும் புனித வீட்டஸ் பேராலயத்தை 1344இல் தொடங்கி 1929இல்தான் முடித்திருக்கிறார்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் ஆற்றங்கரையிலிருந்து படியேறிப் போகாமல், 22ஆம் எண் டிராமில் போஹொரெலெட்ஸ் நிறுத்தம்வரை மேலே சென்று, அங்கிருந்து இறக்கத்திலேயே கோட்டை வழியாக நடந்து வரலாம். இதை எங்களுக்கு அப்போது யாரும் சொல்லவில்லை.

சதுக்கத்தில் 1410 முதல் நிற்கும் வானியல் கடிகாரத்தின் முன் ஒவ்வொரு மணிக்கும் கூட்டம் கூடுகிறது; எலும்புக்கூடு மணியை ஆட்ட, மேலே அப்போஸ்தலர்களின் உருவங்கள் வரிசையாக வந்து மறைகின்றன. அந்தக் காட்சி ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் என்பதால் அதற்காகவே காத்திருக்கத் தேவையில்லை; கடிகாரத்தின் முகப்பைக் கூட்டமில்லாத நேரத்தில் நின்று படிப்பதே மேல். என்னை அதிகம் நிறுத்தியவை பழைய யூதக் குடியிருப்பில் உள்ள இடங்கள். புதைக்க நிலம் போதாமல் மேலும் மேலும் மண் பரப்பி, அடுக்கடுக்காகப் புதைக்கப்பட்ட கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 12,000 நடுகற்கள் ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. அவற்றுள் மிகப் பழையது 1439ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பக்கத்திலுள்ள பிங்காஸ் தொழுகைக்கூடத்தின் சுவர்களில், நாஜிகளால் கொல்லப்பட்ட பொஹீமிய, மொராவிய யூதர்கள் 78,000 பேர் வரையிலானோரின் பெயர்களைக் கையால் எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கே பேச்சு எழாது.

தமிழருக்கு பிராக்கோடு தனியாக ஒரு பந்தமும் உண்டு. தமிழ் இலக்கிய வரலாற்றை உலக அறிஞர்கள் முன் வைத்த கமில் சுவலபில் இந்த ஊரில் 1927இல் பிறந்து, 1348இல் நிறுவப்பட்ட சார்லஸ் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1968இல் சோவியத் படைகள் நாட்டுக்குள் புகுந்த பின்னர் அவர் வெளியேற நேர்ந்தது. சங்கப் பாடல்களைப் பற்றி ஒருவர் இந்தக் குளிரில், இந்தக் கல் தெருக்களில் நடந்தபடி யோசித்திருப்பார் என்ற நினைப்பே எனக்கு அந்த ஊரை நெருக்கமாக்கியது.

இவ்வளவு சொன்ன பிறகும், ஆறு இரவுகளுக்கு பிராக் எங்களுக்குப் பொருந்தாது என்றே முடிவு செய்தேன். அதன் நல்ல வேளை, எனக்கு மூட்டு இறுகியிருக்கும் வேளை. ஜூன் மாதத்தில் அங்கே ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடுகிறது. தெருக்கள் முழுவதும் சிறு சிறு கருங்கல் பாவியவை. நண்பகல் கூட்டத்திலிருந்து ஒதுங்கி உட்காரலாமென்றால் பழைய நகரத்தின் நடுப்பகுதியில் ஒதுங்க இடம் குறைவு. மூன்று இரவுகள் மட்டுமே உள்ளவர்கள், இருவருமே நன்றாக நடப்பவர்கள், ஐரோப்பாவை முதன்முறையாகப் பார்க்கிறவர்கள் என்றால் நான் தயங்காமல் பிராக்கைத்தான் சொல்வேன்.

புடாபெஸ்ட்டைப் பற்றி எழுதும்போது டான்யூப் ஆற்றிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. மேற்கே குன்றுகள் நிறைந்த புடா, கிழக்கே சமவெளியான பெஸ்ட், வடக்கே ஓபுடா என்ற தனித்தனி ஊர்கள் 1873இல் இணைந்து உருவான நகரம் அது. ஒரு கரையின் அழகு மறு கரையிலிருந்துதான் தெரியும். அதனால் மாலையில் புடாவின் மீனவர் கொத்தளத்தில் நின்று எதிரே நாடாளுமன்றத்தில் விளக்கேற்றுவதைப் பார்ப்பது, பிறகு பெஸ்ட் கரைக்கு இறங்கிவந்து 2ஆம் எண் டிராமின் சன்னலோரத்தில் அமர்ந்து எதிரே அரண்மனை ஒளிர்வதைப் பார்ப்பது என்று ஒரே மாலையில் நகரம் இரண்டு முறை கிடைக்கிறது. நாடாளுமன்றக் கட்டடம் 268 மீட்டர் நீளமும் 96 மீட்டர் உயரமும் கொண்டது. ஹங்கேரியரின் மூதாதையரான மகியார்கள் அந்நிலத்தில் குடியேறியதாகக் கொள்ளப்படும் 896ஆம் ஆண்டின் நினைவாகவே அந்த 96 என்கிறார்கள். குவிமாடத்தின் அடியில் ஹங்கேரியின் மணிமுடி காவலர் சூழ வைக்கப்பட்டிருக்கிறது. உள்ளே போக விரும்புகிறவர்கள் நேரம் குறித்து முன்பதிவு செய்துகொள்வது நல்லது.

அந்தக் கரையில் நாடாளுமன்றத்துக்குச் சற்றுத் தெற்கே, ஆற்றின் விளிம்பில் அறுபது இணை இரும்புக் காலணிகள் வைக்கப்பட்டிருக்கின்றன. 1944ஆம் ஆண்டின் இறுதியிலும் 1945ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் நாஜிகளுக்குத் துணைநின்ற ஹங்கேரியின் அம்புச் சிலுவைக் கட்சியின் ஆட்கள் யூதர்களைக் காலணிகளைக் கழற்றச் செய்து, சுட்டு ஆற்றில் தள்ளினார்கள். அதன் நினைவாக 2005இல் நிறுவப்பட்டவை இவை. குழந்தையின் காலணியும் இருக்கிறது. படகுச் சவாரிக்குப் போகிறவர்கள் முதலில் இங்கே நின்றுவிட்டுப் போவது சரியாக இருக்கும் என்பது என் எண்ணம், ஏனெனில் அந்த ஆறு வெறும் காட்சிப் பொருளாக இருந்ததில்லை. 1849இல் திறக்கப்பட்ட சங்கிலிப் பாலம் உட்பட அந்நகரின் பாலங்கள் எல்லாவற்றையும் பின்வாங்கிய ஜெர்மானியப் படைகள் தகர்த்துவிட்டன. இன்று விளக்கொளியில் நாம் பார்ப்பது 1949இல் மீண்டும் எழுப்பியது.

முழங்கால் வலிக்காரியான எனக்குப் புடாபெஸ்ட்டின் வெந்நீர்க் குளியலகங்கள் பெரிய கவர்ச்சியாக இருந்தன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1913இல் திறக்கப்பட்ட செசெனி குளியலகத்துக்கு எழுபது டிகிரிக்கும் மேற்பட்ட சூட்டில் நிலத்தடியிலிருந்து நீர் வருகிறது. அதை ஆற்றித் திறந்தவெளிக் குளங்களில் நிரப்புகிறார்கள், பனிக்காலத்திலும் ஆவி எழ எழ மக்கள் உள்ளே அமர்ந்து சதுரங்கம் ஆடுகிறார்கள். நீச்சல் உடை கட்டாயம். நம் ஊர்ப் பெண்களில் பலருக்கு இது தயக்கம் தரும் காரியம் என்பதால், தம்பதியர் ஊரிலேயே மனம்விட்டுப் பேசி முடிவு செய்துகொண்டு போவது நல்லது. அங்கே போய் ஒருவர் குளத்திலும் ஒருவர் பெஞ்சிலுமாக இருப்பது இருவருக்கும் வருத்தமாக முடியும். துருக்கியர் காலத்திலிருந்து வரும் பழைய குளியலகங்களில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி நாட்கள் வகுக்கும் வழக்கமும் உண்டு, ஆகவே சேர்ந்து போக விரும்புகிறவர்கள் நாளைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

செலவில் புடாபெஸ்ட் மூன்றிலும் எளியது. இருந்தும் நான் தயங்கியதற்குக் காரணம், அதன் பகல். நாடாளுமன்றம், டோஹானி தெருவின் 1859ஆம் ஆண்டு யூதத் தொழுகைக்கூடம், மத்தியாஸ் தேவாலயம், பெரிய சந்தைக்கூடம் ஆகியவற்றை மூன்று பகல்களில் நிதானமாகவே பார்த்துவிடலாம். நான்காம் நாளிலிருந்து மாலைக்காகக் காத்திருக்கும் பகல்கள்தான் வரும். குளங்களில் பகலைக் கழிக்க விரும்பும் தம்பதியருக்கு அது குறையே ஆகாது. தேனிலவுக்குப் போகிறவர்களுக்கு நான்கு இரவுகளுக்கு இதைவிடப் பொருத்தமான ஊரை என்னால் சொல்ல இயலாது. எங்கள் இருவரில் ஒருவருக்கு மட்டும் அது குறைதான்.

வியன்னாவின் தெருக்களில் முதல் நாள் நடக்கிறவர்களுக்கு ஏமாற்றம்கூட ஏற்படலாம். பிராக்கைப் போல வளைந்து மறையும் சந்துகளோ புடாபெஸ்ட்டைப் போல ஆற்றங்கரைக் காட்சியோ நகரின் நடுவில் இல்லை. டான்யூப் பழைய நகரத்தை விட்டு விலகியே ஓடுகிறது. பேரரசர் பிரான்ஸ் ஜோசப் 1857இல் பழைய மதில்களை இடிக்க ஆணையிட்டு, அந்த இடத்தில் அமைத்த ரிங் சாலை ஐந்து கிலோமீட்டருக்கு மேல் நகரைச் சுற்றி வருகிறது. அதன் ஓரத்திலேயே ஆப்பரா அரங்கு, நாடாளுமன்றம், நகர மன்றம், பல்கலைக்கழகம், இரட்டை அருங்காட்சியகங்கள் எல்லாம் வரிசையாக நிற்கின்றன. 1, 2 ஆகிய எண்களுள்ள டிராம்களில் இடையில் ஒரு முறை மாறிக்கொண்டால் உட்கார்ந்தபடியே அத்தனையையும் சுற்றிப் பார்த்துவிடலாம். வெளியிலிருந்து பார்த்தால் இவை பெரிய கட்டடங்கள், அவ்வளவுதான். உள்ளே நுழைந்த பிறகே வியன்னா தொடங்குகிறது.

கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் புரூகலின் ஓவியங்கள் பன்னிரண்டு உள்ளன, உலகில் வேறெங்கும் ஒரே இடத்தில் அத்தனை இல்லை. உழவர் திருமண விருந்தும், முடிவுபெறாத பாபேல் கோபுரமும், அந்த வேட்டைக்காரர்களும் அருகருகே இருக்கிறார்கள். அறையின் நடுவில் மெத்தை விரித்த இருக்கைகளும் இருக்கின்றன. மேல் பெல்வெடேர் அரண்மனையில் கிளிம்ட்டின் முத்த ஓவியம் இருக்கிறது. ஷோன்புருன் அரண்மனையின் 1,441 அறைகளில் ஏறத்தாழ நாற்பதைத்தான் திறந்து காட்டுகிறார்கள். 1762இல் ஆறு வயது மோட்சார்ட் பேரரசி மரியா தெரேசாவின் முன் வாசித்தது அந்த அரண்மனையில்தான். அதன் பரந்த தோட்டத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. புனித ஸ்டீபன் பேராலயத்தின் தெற்குக் கோபுரத்தில் 343 படிகள். வடக்குக் கோபுரத்துக்கோ மின்தூக்கி உண்டு. என் போன்றவர்களை அந்த நகரம் இப்படிப் பல இடங்களில் நினைவில் வைத்திருக்கிறது.

காபிக் கடைகளைப் பற்றிச் சொல்லாமல் வியன்னாவை எடைபோட முடியாது. 1685இல் ஜோகன்னஸ் டியோடாட்டோ என்ற ஆர்மீனியருக்கு அங்கே காபி விற்கும் உரிமை கிடைத்ததிலிருந்து வளர்ந்து வந்த அந்த மரபை, 2011இல் ஆஸ்திரியா தன் பண்பாட்டுச் செல்வங்களின் தேசியப் பட்டியலில் சேர்த்தது. ஒரு கோப்பை காபியும் ஒரு குவளைத் தண்ணீரும் சிறு தட்டில் வைத்துத் தருவார்கள். அதன் பிறகு இரண்டு மணி நேரம் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தாலும் எழுந்துபோகச் சொல்ல மாட்டார்கள். ஒருவர் அருங்காட்சியகத்திலும் மற்றவர் நடையிலுமாகப் பிரிந்து, குறித்த நேரத்தில் வந்து சேர்ந்து, பார்த்ததைச் சொல்லிக்கொள்ள இதைவிட ஏற்ற இடம் வேண்டியதில்லை. தம்பதியர் பயணம் என்றால் நாள் முழுவதும் ஒட்டிக்கொண்டே திரிய வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இருபத்தைந்து ஆண்டு வாழ்ந்தவர்களுக்குப் பிரிந்துபோய்த் திரும்பி வந்து பேசுவதில்தான் சுவை அதிகம்.

குறைகளும் உண்டு. விடுதிக் கட்டணமும் உணவும் மூன்று நகரங்களில் இங்கேதான் அதிகம். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும் என்பதால், சனிக்கிழமையே பாலும் பழமும் ரொட்டியும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஆப்பரா அரங்கில் குறைந்த கட்டணத்துக்கு நின்று பார்க்கும் இடங்கள் கிடைக்கின்றன, ஆனால் மூன்று மணி நேரம் நிற்பது எல்லோராலும் ஆகாது. அமர்ந்து பார்க்கும் இடங்களின் விலை வேறு. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அந்த அரங்கில் நிகழ்ச்சிகளே இருப்பதில்லை. நம் ஊர் மே விடுமுறை அதற்கு முன்னால் வந்துவிடுகிறது என்பது ஓர் ஆறுதல்.

சைவ உணவு உண்பவர்களுக்கு மூன்றிலும் பட்டினி இல்லை. பிராக்கில் பொரித்த பாலாடைக்கட்டி எங்கும் கிடைக்கும், இரண்டு நாளில் சலித்தும் விடும். புடாபெஸ்ட்டில் ஃபோசெலேக் என்று ஒரு கெட்டியான காய்கறிப் பதார்த்தம் செய்கிறார்கள். நம் கூட்டுக்கு அது தூரத்து உறவு போலிருக்கும், ஆனால் மேலே இறைச்சி வைத்துத் தருவதும் உண்டு என்பதால் சொல்லி வாங்க வேண்டும். வியன்னாவின் நாஷ்மார்க்ட் சந்தையில் பழங்களும் அராபிய உணவும் இந்திய உணவும் கிடைப்பதால் தேர்வு கூடுதல்.

பணமும் விசாவும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வியன்னாவில் யூரோ, பிராக்கில் கொருனா, புடாபெஸ்ட்டில் ஃபோரின்ட். பிராக்கின் தெருவோர நாணய மாற்றுக் கடைகளில் ஏமாந்தவர்கள் அதிகமானதால், மாற்றிய பணத்தை மூன்று மணி நேரத்துக்குள் திருப்பித் தரும் உரிமையை 2019இல் சட்டமாகவே அங்கு கொண்டுவந்தார்கள். ரசீதைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. மூன்று நாடுகளும் ஷெங்கன் பகுதியில் இருப்பதால் ஒரே விசா போதும். அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்துக்கே விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி; ஒரே நகரில் தங்குகிறவர்களுக்கு அந்தக் கணக்கே வேண்டியதில்லை. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால் கடைசி வாரங்களுக்குத் தள்ளிப் போடுவதில் பொருளில்லை.

நாங்கள் வியன்னாவைத் தேர்ந்தெடுத்தோம். என் கணவருக்குப் பிராக்கின் காலைகளை விட்டுக்கொடுப்பது எளிதாக இல்லை. அவருக்காக நகரின் வட எல்லையில் காலென்பெர்க் குன்றுக்குத் திராட்சைத் தோட்டங்கள் வழியே ஏறும் நடைபாதையைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். டி என்ற எழுத்துள்ள டிராமில் நுஸ்டார்ஃப் வரை சென்றால் அங்கிருந்து அது தொடங்குகிறது, அவர் அதை நடந்து முடித்து இறங்கி வரும்போது எனக்கு இரண்டாவது காபி வந்திருக்கும். செப்டம்பர் மாத இறுதியில் போகிறோம்: ஆப்பரா தொடங்கியிருக்கும், வெயில் தணிந்திருக்கும். சனிக்கிழமை போய்ச் சேர்ந்து கடைகள் மூடுமுன் பொருள் வாங்கிவிட்டு, ஞாயிறன்று டிராமில் ரிங் சாலையைச் சுற்றுவோம். திங்கட்கிழமை கலை வரலாற்று அருங்காட்சியகம் மூடியிருக்கும், ஆகவே அன்று ஷோன்புருன். வியாழக்கிழமைகளில் அந்த அருங்காட்சியகம் இரவு 9 மணி வரை திறந்திருக்கிறது. எங்கள் கடைசி இரவும் வியாழன்தான். அந்த மாலைக்கு வேறு எதையும் எழுதாமல், புரூகல் அறை என்று மட்டும் குறித்து வைத்திருக்கிறேன்.